"கவனம் போதாது" – டைரியில் வரும் அந்த ஒரு வரி

"உங்கள் மகன் வகுப்பில் கவனிப்பதே இல்லை. வீட்டில் சொல்லி வைக்கவும்."

சிவப்பு மையில் எழுதின இந்த ஒரு வரியோடு வரும் அம்மாக்களை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அதிகம் பார்க்கிறேன். ஜூனில் பள்ளி திறந்து, முதல் பரீட்சை முடிந்து, பேப்பர் கைக்கு வந்திருக்கும் நேரம். குழந்தைக்கு வயது 5, 6, மிஞ்சிப் போனால் 7. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. டைரியைத்தான் எடுத்து என் மேஜை மேல வைப்பாங்க.

"சொல்லி வைக்கவும்"னா என்னத்தைச் சொல்லி வைக்கிறது? அந்த அம்மாவும் சொல்லித்தான் பார்த்திருப்பாங்க. அப்புறம் திட்டி, அப்புறம் அடிச்சு, அப்புறம் டியூஷன் சேர்த்து, கடைசியாத்தான் டாக்டர்கிட்ட வர்றாங்க.

இன்னைக்கு இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதப்போறேன். கொஞ்சம் நீளமாப் போகும். வீட்டில் ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளை இருந்தா பொறுமையா படிங்க.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு பையன் வந்தான். ஒண்ணாம் வகுப்பு. "கூப்பிட்டா திரும்பிக்கூட பார்க்க மாட்டேங்கிறான் சார். மிஸ் 'பல்'னு சொன்னா இவன் 'கல்'னு எழுதறான். டிக்டேஷன்ல பத்துக்கு ரெண்டு. ஆனா வீட்ல பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தா டக்குனு சொல்லிடறான். திமிரு சார்"னு அம்மா சொன்னாங்க.

நான் பையன்கிட்ட பேர் கேட்டேன், என்ன சாப்பிட்டேன்னு கேட்டேன். பளிச்சுனு பதில் சொன்னான். என் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து தன் நெஞ்சில் வெச்சுப் பார்த்தான். கெட்டிக்காரப் பையன். "ஆம்பளப் பையன் கொஞ்சம் துறுதுறுன்னுதான் இருப்பான், வயசு ஏற ஏற சரியாயிடும்மா"ன்னு சொல்லி, அந்த அம்மா மனசு கோணக்கூடாதேன்னு ஒரு வைட்டமின் சிரப்பும் எழுதிக் கொடுத்தேன்.

எட்டு மாசம் கழிச்சு அதே பையன் சளியோடு வந்தான். அன்னைக்கு எதேச்சையாகத்தான் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தேன். ரெண்டு காதிலும் சவ்வு மங்கிப்போய், பின்னாடி நீர் கோத்துக் கிடந்தது. மூக்குக்குப் பின்னாடி அடினாய்டு சதை பெருசா வளர்ந்திருந்தது. அம்மா அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லியிருந்தாங்க. பல்னா கல்னு எழுதறான், பக்கத்தில் இருந்தா புரியுது, தூரத்தில் இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். இதைவிட ஒரு தாய் எப்படிச் சொல்லணும்? எனக்குத்தான் கவனம் போதாது.

அந்த எட்டு மாசத்தில் அவனுக்கு என்னென்ன நடந்திருந்தது தெரியுமா? சாயங்காலம் அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும் டியூஷன். விரல் முட்டியில் ஸ்கேல் அடி. எல்லாத்துக்கும் மேல, கவனிக்காதவன், மத்த பிள்ளைகளையும் கெடுக்கிறான்னு கடைசி பெஞ்சுக்கு மாத்தியிருக்காங்க. காது சரியா கேட்காத குழந்தையை, போர்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வெச்சிருக்காங்க.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். இந்த நீர் பல குழந்தைகளுக்கு மூணு மாசத்தில் தானா வத்திடும் என்பதால் காத்திருந்து மறுபடி பார்த்தார். வத்தவில்லை. அடினாய்டை எடுத்து, காது சவ்வில் சின்ன டியூப் வெச்சார். ஒரு வாரம் கழிச்சு அந்த அம்மா சொன்னது இது: "குக்கர் விசில் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு ஓடறான் சார். இத்தனை நாள் பக்கத்துலயே நின்னுட்டு இருப்பான்."

அன்றிலிருந்து இந்த ஒரு வரியோடு எந்தக் குழந்தை வந்தாலும் நான் மனசுக்குள்ள சொல்லிக்கொள்வது இதுதான்: "கவனம் இல்லை" என்பது நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. காய்ச்சல்னு வந்தா டெங்குவா, டைபாய்டா, சாதாரண வைரஸான்னு தேடுறோம் இல்லையா? கவனம் இல்லைன்னு வந்தா மட்டும் ஏன் தேடாம அடிக்கிறோம்?

சரி, என்னவெல்லாம் தேடணும்?

காதைச் சொல்லிட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறது, "ஆங்? என்ன?"ன்னு ரெண்டாவது தடவை கேட்கிறது, அடிக்கடி சளி, வாயைத் திறந்து மூச்சு விடுறது, இதெல்லாம் இருந்தா காதைச் சோதிக்காம வேற எதையும் பேசாதீங்க. வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டா பதில் சொல்றான் என்பது காது நல்லா இருக்குங்கிறதுக்கு சாட்சி இல்லை. நாப்பது பிள்ளைங்க சத்தம், ஃபேன் சத்தம், வெளியே பஸ் சத்தம், இதுக்கு நடுவில் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது கண். ஒரு குழந்தை "எனக்கு மங்கலா தெரியுது"ன்னு சொல்லாது. ஏன்னா தெளிவுன்னா எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியாது. உலகமே அப்படித்தான்னு நினைச்சுக்கும். போர்டு தெரியாத குழந்தை ஒண்ணு பக்கத்துக் குழந்தையின் நோட்டைப் பார்க்கும், அல்லது ஜன்னலைப் பார்க்கும். ரெண்டுக்குமே திட்டு விழும். ஒரு கண் மட்டும் பார்வை குறைவா இருந்தா இன்னும் ஆபத்து. இன்னொரு கண்ணை வெச்சு சமாளிச்சுடும், யாருக்கும் தெரியாது. அந்தச் சோம்பேறிக் கண்ணை ஏழெட்டு வயசுக்குள்ள பிடிச்சாதான் சிகிச்சை நல்லாப் பலிக்கும். அதனால ஒவ்வொரு கண்ணா மூடிச் சோதிக்கணும். பள்ளியில் ஒரு தடவை சார்ட் படிக்க வெச்சாங்க, பாஸ் ஆயிட்டான்னு விட்டுடாதீங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சுப் படிச்சிருந்தா அது சோதனையே இல்லை.

இப்போ கொஞ்சம் பலருக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன். இதுக்காகவே இந்தப் பதிவை எழுதலாம்.

"பேசிட்டே இருப்பா சார், திடீர்னு எங்கயோ பார்த்துட்டு நிப்பா. தொட்டாலும் தெரியாது. கொஞ்ச நேரத்துல விட்ட இடத்துலருந்து பேசுவா. கனவு காணுறா." இப்படி யாராவது சொன்னா எனக்கு உடனே நிமிர்ந்து உட்காரத் தோணும். பத்து இருபது விநாடி வெறிச்ச பார்வை, கண் இமை லேசாப் படபடக்கும், வாய் சப்புக்கொட்டுற மாதிரி அசையலாம். கீழே விழாது, கை கால் வெட்டாது, நுரை தள்ளாது. ஆனா இதுவும் வலிப்புதான். ஆப்சென்ஸ் வலிப்புன்னு பேர். பெரும்பாலும் 4 வயசிலிருந்து 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு பத்து, இருபது, சில குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாகக்கூட வரும்.

யோசிச்சுப் பாருங்க. டீச்சர் ஒரு கணக்கைப் போர்டில் போடுறார். நடுவில் பதினஞ்சு விநாடி இந்தக் குழந்தைக்கு கரண்ட் போயிடுது. திரும்பி வந்தா விடை எழுதியிருக்கு. எப்படி வந்ததுன்னு புரியாது. "எங்க பார்த்துட்டு இருக்க?"ன்னு கேட்டா அதுக்கு என்ன பதில் தெரியும்?

நாங்க மருத்துவமனையில் இதைக் கண்டுபிடிக்கச் செய்யும் முதல் சோதனை ரொம்ப எளிமையானது. ஒரு காகிதக் காத்தாடியைக் கையில் கொடுத்து மூணு நிமிஷம் விடாம ஊதச் சொல்வோம். வேக வேகமா மூச்சு விடும்போது பல குழந்தைகளுக்கு அந்த வலிப்பு எங்க கண் முன்னாடியே வந்துடும். காத்தாடி நிக்கும், பார்வை நிக்கும். அப்புறம் ஈஈஜி எடுத்து உறுதி செய்வோம். (நீங்க வீட்டில் ஊத வெச்சுப் பார்க்க வேண்டாம். அப்படி வெறிச்சுப் பார்க்கும்போது போனில் வீடியோ எடுத்துட்டு வாங்க, அது போதும்.) மாத்திரைக்கு நல்லாக் கட்டுப்படும் வலிப்பு இது. பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இதிலிருந்து மீண்டும் விடுவாங்க. வருஷக்கணக்கா "கனவு காணுறா"ன்னு விட்டதுதான் இழப்பு.

தூக்கத்துக்கு வருவோம். 6 வயசுக் குழந்தைக்கு குறைஞ்சது 9 மணி நேரத் தூக்கம் வேணும். 12 மணி நேரம் வரைக்கும்கூட தேவைப்படலாம். நம்ம வீட்டுக் கணக்கைப் போடுங்க. சீரியல் முடிஞ்சு, அப்பா வந்து, சாப்பிட்டு, போன் பார்த்து, படுக்கும்போது பத்தரை. ஏழேகாலுக்கு வேன், அதனால ஆறு மணிக்கு எழுப்புறோம். ஏழரை மணி நேரம். பெரியவங்களுக்குத் தூக்கம் குறைஞ்சா சோர்ந்து உட்காருவோம். குழந்தைங்க அப்படி இல்லை. தூக்கம் குறைஞ்ச குழந்தை இன்னும் அதிகமா ஆடும், ஓடும், சிணுங்கும், எதிலும் நிக்காது. அதைத்தான் "சேட்டை"ன்னு எழுதி அனுப்புறாங்க.

நேரம் கழிச்சுத் தூங்குறது ஒரு பக்கம். தூங்கியும் தூங்காம இருக்கிறது இன்னொரு பக்கம். தினமும் குறட்டை, வாய் பிளந்து தூக்கம், நடுநடுவே மூச்சு நின்னு திணறி எழுறது, இதெல்லாம் "அசந்து தூங்குறான்" இல்லை. டான்சிலும் அடினாய்டும் மூச்சுப்பாதையை அடைக்குது. இதைப் பற்றி அமெரிக்காவில் 5 முதல் 9 வயசுக் குழந்தைகள் 464 பேரை வெச்சு நடத்தின ஆய்வு ஒண்ணு 2013-ல் வெளியாச்சு. டான்சில், அடினாய்டு எடுத்த குழந்தைகளிடம் தூக்கமும் நடத்தையும் தேறினதா பெற்றோரும் ஆசிரியர்களும் சொன்னாங்க. அதே சமயம் உட்கார வெச்சு எடுத்த கவனத் தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். ஆபரேஷன் பண்ணா முதல் ரேங்க் வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ராத்திரி மூச்சு முட்டாம தூங்குறதே ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயம்.

ரத்தசோகை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21 படி, இந்தியாவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67% பேருக்கு ரத்தசோகை. நம்ம தமிழ்நாட்டில் 57%. பாதிக்கு மேல! இந்தக் குழந்தைகள்தான் அடுத்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் உட்காருறாங்க. இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டும் இல்லை, மூளை வேலை செய்யவும் வேணும். உங்க குழந்தை மண், சாக்பீஸ், பச்சரிசி, சிலேட்டுக்குச்சி தின்னுதா? அடிக்காதீங்க. அது கெட்ட பழக்கம்னு மட்டும் நினைக்காதீங்க, பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோட அடையாளம். ஹீமோகுளோபின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையை "எங்க பிள்ளைக்கு வேண்டாம்"னு எழுதிக்கொடுத்துத் தடுக்காதீங்க.

காலையில் வெறும் வயித்தோட வர்ற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டத்தை நான் ஒரு மருத்துவத் திட்டமாத்தான் பார்க்கிறேன். ஆனா மெட்ரிக் பள்ளிக்குப் போற பிள்ளைங்க நிலைமை என்ன? வேன் வந்துடும்னு அரை டம்ளர் பால், ரெண்டு பிஸ்கட். பதினொண்ணேகால் இன்டர்வெல் வரைக்கும் அதுதான். வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளையும் பசியோடதான் உட்கார்ந்திருக்கு.

இனி வயசு. இதை நாம யாரும் யோசிக்கிறதே இல்லை.

ஒரே வகுப்பில் இருக்கிற ரெண்டு பிள்ளைகளுக்கு நடுவில் பதினோரு மாச வித்தியாசம் இருக்கலாம். நமக்கு நாப்பது வயசில் பதினோரு மாசம் ஒண்ணுமே இல்லை. அஞ்சரை வயசுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேலான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. அங்கே டிசம்பர் 31 தான் பள்ளிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி. டிசம்பரில் பிறந்த, அதாவது வகுப்பிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட ஏடிஎச்டின்னு முத்திரை விழுந்தது ஆண் குழந்தைகளில் 30%, பெண் குழந்தைகளில் 70% அதிகம். மூளையில் கோளாறு இல்லை, பிறந்த மாசம் அப்படி. அந்தக் குழந்தைகளுக்கும் மாத்திரை கொடுத்திருக்காங்க.

நம்ம ஊரில் இன்னும் விசேஷம். "ஒரு வருஷம் வேஸ்ட் ஆகக்கூடாது"ன்னு ரெண்டரை வயசில் ப்ரீகேஜி. ஒரு வருஷத்தை மிச்சம் பிடிச்சு எங்கே டெபாசிட் பண்ணப் போறோம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. கவனம் இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, வகுப்பில் இவனைவிடச் சின்னப் பிள்ளை எத்தனை பேர்னு மிஸ்ஸைக் கேளுங்க.

படிப்பில் மட்டும் தடுமாறுற குழந்தைகள் தனி. கதை சொன்னா அரை மணி நேரம் வாய் பிளந்து கேட்கும், பொம்மையைக் கழட்டி மாட்டும், ஆனா புத்தகத்தைத் திறந்த அடுத்த நிமிஷம் தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருது, பென்சில் உடைஞ்சிடுச்சு. இது கவனக் குறைவு இல்லாம இருக்கலாம். எழுத்தைக் கூட்டி வாசிக்கவே முடியாத பிள்ளை, அந்த அவமானத்திலிருந்து தப்பிக்க வழி தேடுது. டிஸ்லெக்சியா மாதிரியான கற்றல் குறைபாட்டை ஏழெட்டு வயசுக்கு முன்னாடி உறுதியாச் சொல்றது கஷ்டம், ஆனா சந்தேகம் வந்த நாளிலிருந்தே உதவ ஆரம்பிக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் இருக்கு. பின்னாடி பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகையும் உண்டு.

பயந்த குழந்தையும் கவனிக்காது. இதை அப்பாக்களுக்குத்தான் சொல்றேன். ராத்திரி வீட்டில் சண்டை, குடி, அம்மா அழுகை. காலையில் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து "வீட்ல இப்போ என்ன நடக்குதோ"ன்னு யோசிக்கும். போர்டில் என்ன எழுதினாங்கன்னு அதுகிட்ட கேட்கிறதுல நியாயம் இல்லை. பள்ளியில் அடி விழும்னு பயப்படுற பிள்ளையும் இதே ரகம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் அடிக்கிறதையும் மனசை நோகடிக்கிறதையும் தடை பண்ணியிருக்கு. "நல்லா ரெண்டு போடுங்க மிஸ், கண்ணை மட்டும் விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டு வர்ற பெற்றோர் இன்னும் இருக்காங்க. அந்த வசனத்துக்கு இனிமேலாவது ஓய்வு கொடுங்க.

இவ்வளவும் பார்த்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு. அப்பவும் குழந்தையால் நிலைச்சு உட்கார முடியலைன்னா?

அப்போ ஏடிஎச்டி இருக்கலாம். உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5% பேருக்கு இருக்கு. இங்கேதான் சில பேர் என்னோட சண்டைக்கு வருவாங்க. "அதெல்லாம் வெளிநாட்டு வியாதி, மருந்துக் கம்பெனி கட்டிவிட்டது, எங்க காலத்துல இருந்துச்சா?"ன்னு. இருந்தது. அவங்க எட்டாவதோட நின்னுட்டாங்க. ஒர்க்‌ஷாப்பில் சேர்த்து விட்டோம், "படிப்பு ஏறலை"ன்னு ஒரு வரியில் முடிச்சிட்டோம்.

பெற்றோர் யாராவது ஒருத்தரிடம் இதன் சாயல் இருக்கும். பரம்பரையின் பங்கு 70 முதல் 80% வரைக்கும்னு இரட்டையர் ஆய்வுகள் சொல்லுது. ஒரு அப்பா என் எதிரில் உட்கார்ந்து, காலை விடாம ஆட்டிக்கிட்டே, நான் பேசி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை குறுக்கே பேசிட்டு, "நானும் சின்ன வயசுல இப்படித்தான் சார், இப்ப நல்லாத்தானே இருக்கேன்?"னு கேட்டார். பையனோட ஃபைலை ஆட்டோவிலேயே விட்டுட்டு வந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தாங்க. நான் சிரிக்கலை.

ஏடிஎச்டின்னு சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. "மூளை மேப்பிங்" பண்ணிக் கண்டுபிடிக்கிறோம்னு யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டா எழுந்து வந்துடுங்க. அறிகுறிகள் ஆறு மாசத்துக்கு மேல இருக்கணும், 12 வயசுக்கு முன்னாடி தொடங்கியிருக்கணும், ஒரு இடத்தில் மட்டும் இல்லாம வீடு, பள்ளின்னு ரெண்டு இடத்திலாவது தெரியணும், வாழ்க்கையைப் பாதிக்கணும். பள்ளியில் மட்டும் பிரச்சினை, வீட்டில் இல்லைன்னா முதல்ல பள்ளியைப் பார்க்கணும். ஓடி ஆடுற பையன் சீக்கிரம் மாட்டிக்குவான். அமைதியா ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் தொந்தரவு தராத பெண் குழந்தைதான் பல வருஷம் தப்பிப் போகும். "நல்ல பொண்ணு, மார்க்குதான் வரலை."

அஞ்சு வயசுக் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை கிடையாது. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலே 4, 5 வயசுக்கு முதல் சிகிச்சையாகச் சொல்வது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான். ஆறு வயசுக்கு மேல், தேவைப்பட்டால், பயிற்சியோட மாத்திரையும் சேர்க்கலாம். முக்கியமான மருந்து மெத்தில்ஃபெனிடேட். நேத்து வந்ததில்லை, 1944-ல் உருவாக்கினது. நினைச்ச கடையில் கிடைக்காது, சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து, நிபுணர் சீட்டு வேணும். பசி குறையும், சில பிள்ளைகளுக்குத் தூக்கம் தள்ளிப்போகும், அதனால எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கிட்டே கொடுப்போம். "பிள்ளை பொம்மை மாதிரி ஆயிடுவான்" என்பது பெரிய பயம். அப்படி ஆனா அளவு அதிகம்னு அர்த்தம், குறைக்கணும். சரியான குழந்தைக்குச் சரியான அளவில் கொடுத்தா, பார்வை குறைந்தவனுக்குக் கண்ணாடி போட்ட மாதிரிதான். கண்ணாடி போட்டா பிள்ளை பலவீனமாயிடுவான்னு யாரும் சொல்றதில்லையே.

தேவையில்லாத பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கிறது எவ்வளவு தப்போ, தேவையான பிள்ளைக்கு வீம்புக்காக மறுக்கிறதும் அவ்வளவு தப்பு. இந்த ரெண்டையும் ஒரே வாயில் சொல்றதால் எனக்கு ரெண்டு பக்கமும் திட்டு விழுது. பரவாயில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? காரணம் எதுவா இருந்தாலும் இது உதவும். அடுப்படியிலிருந்து கத்தாதீங்க. பக்கத்தில் போய், கண் மட்டத்துக்குக் குனிஞ்சு, தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலை சொல்லுங்க. "யூனிஃபார்மைக் கழட்டி, கை கால் கழுவி, டிபன் பாக்ஸை எடுத்து வெச்சிட்டு, டைரி கொண்டா" என்பது நாலு வேலை. கடைசி ஒண்ணுதான் நினைவில் நிக்கும். வீட்டுப்பாடம் பத்து நிமிஷம், எழுந்து ஒரு ஓட்டம், மறுபடி பத்து நிமிஷம். நல்லது செஞ்ச அந்த நிமிஷமே சொல்லுங்க, "அஞ்சு வரி நிறுத்தாம எழுதிட்டியே"ன்னு. ஆண்டு முடிவில் சைக்கிள் என்பதெல்லாம் இந்த வயசுக்குப் புரியாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவில் விளையாட விடுங்க. அதுக்கு நேரம் இல்லைன்னா டியூஷனை நிறுத்துங்க. ஏழு மணி நேரம் உட்கார முடியாம தவிச்ச பிள்ளையை இன்னும் ரெண்டு மணி நேரம் உட்கார வைக்கிறது எந்த ஊர் வைத்தியம்?

ஞாபக சக்தி சிரப், மூளை டானிக், கண்ணைக் கட்டிக்கிட்டு படிக்க வைக்கிற "மிட்பிரெயின்" வகுப்பு, இதுக்கெல்லாம் காசைக் கொட்டாதீங்க. வல்லாரைத் துவையல் செய்யுங்க, ருசியா இருக்கும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. சாக்லேட் சாப்பிட்டா ஆட்டம் அதிகமாகும்னு சொல்றதும் ஆய்வுகளில் நிற்கலை. பல்லுக்காகக் குறைங்க, சரி.

ஆசிரியர்கள் யாராவது படிச்சா ஒரு வேண்டுகோள். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்க. எந்தப் பாடத்தில்? காலையிலா, சாப்பாட்டுக்கு அப்புறமா? போர்டைப் பார்த்து எழுதும்போதா, நீங்க வாயால் சொல்லும்போதா? முதல் பெஞ்சில் உட்கார்ந்தா மாறுதா? வெறிச்சுப் பார்க்கிறாளா, ஓடுறாளா? நாப்பது பிள்ளைகளை வெச்சுக்கிட்டு இதெல்லாம் எங்கே பார்க்கிறதுன்னு நீங்க கேட்டா எனக்கு பதில் இல்லை. ஆனா ஒரு நாளில் அந்தக் குழந்தை விழிச்சிருக்கும் நேரத்தில் பாதி உங்க கண் முன்னாடிதான். நீங்க எழுதுற நாலு வரி எங்களுக்கு ஈஈஜியைவிட உதவும்.

பணம் செலவாகுமேன்னு தயங்குறவங்களுக்கு: 2013 முதல் நடக்கிற ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கே டாக்டர் குழு வந்து பார்க்கும். அன்னைக்கு லீவு போடாம அனுப்புங்க, சந்தேகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டீச்சர்கிட்ட கொடுங்க. மேல் பரிசோதனைக்கு மாவட்ட அளவில் ஆரம்பகட்ட இடையீட்டு மையம் இருக்கு, டிஇஐசின்னு கேட்டா சொல்வாங்க. காது, கண், பேச்சு, நடத்தை, எல்லாத்தையும் பார்க்க ஆள் இருக்காங்க. கட்டணம் இல்லை. தனியார் பள்ளிப் பிள்ளைன்னா முதல்ல உங்க குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்க.

வரும்போது டைரியை மட்டும் கொண்டு வராதீங்க. ராத்திரி தூங்கும்போது எடுத்த வீடியோ, ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தான்னு ஒரு குறிப்பு, டிக்டேஷன் நோட்டு, இந்த மூணும் கொண்டு வாங்க. டிக்டேஷன் நோட்டை நான் இப்பல்லாம் வரிவரியாப் படிக்கிறேன்.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க, ராத்திரி உட்கார்ந்து பதில் போடறேன். மாத்திரை பேரும் அளவும் மட்டும் கேட்காதீங்க. பார்க்காத குழந்தைக்கு நான் எழுத மாட்டேன்.